ராஜாவின் இடது மச்சம்

பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எந்தப் பொருளையும் கையில் எடுப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். கதவு, மேஜை, பூந்தொட்டி, பேருந்தின் பக்கத் தகடு, எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய சோபாவின் கைப்பிடி என்று எதுவும் தப்பாது. தட்டிவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்து, உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்வதைப் போலக் கேட்பாள். ஒருமுறை அம்மாவோடு வங்கிக்குப் போனபோது வாசலில் இருந்த பளிங்குத் தூணைத் தட்டிப் பார்த்து, "அம்மா, இது உள்ள பொக்கு" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். காவலாளி முறைத்தார். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, "பொக்கா இருந்தா இருந்துட்டுப் போகுது. நீ என்ன அதுமேல சாஞ்சா தூங்கப்போற" என்றாள்.

கல்லூரி முடித்த பிறகும் பழக்கம் போகவில்லை. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பெரியவள் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். மரம் இல்லை, மரத்தின் ரேகைபோல வண்ணம் பூசிய பிளாஸ்டிக். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. பூசியவன் கைகாரன் என்று மட்டும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

படித்தது வணிகவியல். செய்கிற வேலைக்கு வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. "பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல" என்று தொடங்கி அதோடு நிறுத்திக்கொள்வாள். அது பொய்யும் இல்லை. காலையில் பெரியவள் கணினியில் படம் வரைவாள். புத்தக அட்டை, கைப்பேசி விளையாட்டுக்கு ஒரு பூதம், மருந்துக்கடைப் பலகைக்குச் சிரிக்கிற மாத்திரை, இப்படி எது வந்தாலும் சரி. மதியத்துக்கு மேல் வீட்டின் பின்பக்கம் தகரக்கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்து சாமான் செய்வாள். நாடகத்துக்கும் விளம்பரப் படத்துக்கும் வேண்டிய சாமான்கள். எடை இல்லாத பாறாங்கல், உருகாத ஐஸ், தலையில் போட்டாலும் வலிக்காத செங்கல். அந்தச் சாமான்கள் கழிவறைக்குப் போகிற வழி வரை பரவியிருந்ததால், வீட்டில் யாரும் இப்போது எதையும் நம்பித் தொடுவதில்லை. சின்னவன் ஒருநாள் ஒரு ரொட்டியை எடுத்து, ஸ்பாஞ்ச் என்று நினைத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். அது நிஜ ரொட்டி. அம்மா காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்தது.

சின்னவன் அவளுக்கு வைத்த பெயர் 'டூப்பு'. அக்கா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "டூப்பு, சார்ஜர் எங்க?" "டூப்பு, உன்னை அம்மா கூப்பிடறாங்க." அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். ஆனால் பழைய வகுப்புத் தோழிகள் கூடும் இடத்துக்குப் போய் வந்த நாள்களில் அந்தப் பெயர் கொஞ்சம் குத்தும். தோழிகளில் ஒருத்தி தணிக்கையாளர், ஒருத்தி வங்கியில். "நீ என்ன பண்ற?" என்று கேட்டபோது அவளும் அம்மாவைப் போலவே, "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருந்தாள். பட்டம் வாங்கினதா, ராஜா மகுடத்துக்குப் பளபளப்புத் தாள் ஒட்டினதா, இதில் எது தன் வேலை என்று அவளுக்கே ஒரு முடிவான பதில் இல்லை.

அப்பாவுக்கு இருந்தது. அவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கச் சேர்ந்து, இப்போது தூக்குகிறவர்களை மேய்க்கிற இடத்துக்கு வந்திருந்தார். கிடங்கின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. உள்ளே குளிரூட்டி, கணக்கு எழுதுகிறவர்கள், சுழலும் நாற்காலிகள். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறார். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

"மேனேஜர் ஒரு நாற்காலிய காலியா வச்சிருக்காரு" என்றார் ஒருநாள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து.

"எந்த நாற்காலிப்பா?"

"கண்ணாடி ரூம்ல. ஜன்னல் பக்கம் இருக்குல்ல, அது. உன் படிப்ப சொன்னேன். அனுப்பி வையின்னுட்டாரு. மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாரு."

வேண்டாம் என்று சொல்லப் பெரியவளிடம் ஒரு காரணமும் இல்லை. அப்பா கேட்கிறது நியாயம் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்த ராஜா தலை முடியட்டும்பா" என்றாள். "அது நல்லா வந்தா நாடகக் கம்பெனியில அடுத்த சீசன் முழுக்க எனக்குத்தான் வேலைன்னு டைரக்டரம்மா சொல்லியிருக்காங்க. வரலைன்னா நீங்க சொல்ற நாற்காலியில வந்து உட்காந்துக்கறேன். பேச்சு மாற மாட்டேன்."

"தலைய நம்பி நாற்காலிய விடுவியா?"

"ராஜாவுக்குத் தலை போகுது, டூப்புக்கு நாற்காலி போகுது" என்றான் சின்னவன். "ரெண்டு சாவும் ஒரே மேடையில."

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. அப்பா மட்டும் சிரிக்காமல், "சரி. தலைதான் முடிவு பண்ணட்டும்" என்று எழுந்து போனார்.

நாடகம் ஒரு ராஜாவைப் பற்றியது. கடைசிக் காட்சியில் எதிரிகள் அவன் தலையை வெட்டி, தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி அரண்மனைக்கு அனுப்புகிறார்கள். ராணி துணியை விலக்கி, அந்தத் தலையோடு நெடுநேரம் பேசுகிறாள். மேடையில் அவளும் தலையும் மட்டும்தான். "ஜனங்க அந்தத் தலையைப் பாத்துச் சிரிச்சுட்டா மொத்த நாடகமும் போச்சு" என்று டைரக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே அது பொம்மைத் தலையாக இருக்கக் கூடாது; அந்த நடிகரின் தலையாகவே இருக்க வேண்டும்.

நடிகர் வருஷக்கணக்காக ராஜா வேடமே கட்டி வருவதால் அவருக்கு ராஜபார்ட் என்றே பெயர். மேடையில் ராணியாக வருகிறவர் அவருடைய சொந்த மனைவிதான். முகத்தில் மாவு அப்பி அச்சு எடுப்பதுதான் இதற்குச் சுலபமான வழி. ராஜபார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கில் குழாயைச் சொருகிக்கொண்டு, கண்ணையும் வாயையும் மூடி அரைமணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்றதுமே அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. "நிஜமாவே தலைய வெட்டிக்க, அது எனக்கு ஈஸி" என்று போனில் சொன்னார். கம்பெனி அப்போது வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. அதனால் பெரியவள், தலையின் சுற்றளவை மனைவியை விட்டு நூல் வைத்து அளக்கச் சொன்னாள். முகத்தை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். ராஜபார்ட் தன் கையாலேயே, பனியனோடு, லாட்ஜ் அறையில் நின்று எடுத்து அனுப்பினார். வெளிச்சம் நன்றாக இருந்தது. தோலின் துவாரம்கூடத் தெரிந்தது.

பெரியவள் எப்போதும் செய்கிற முதல் வேலை, படத்தில் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிடுவது. சுவர், கதவு, மாட்டியிருந்த நாள்காட்டி எல்லாம் போய், வெள்ளை நடுவில் தலை மட்டும் மிதந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கணினித் திரையில் ஒரு தலையைப் பிசைந்து எழுப்பினாள். கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்த மூக்கு. சிரித்தால் ஒரு ஓரம் மட்டும் ஏறுகிற உதடு. மயிர் முளைக்காத ஒரு வெட்டு விழுந்த புருவம். கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

திரையில் முகம் வரைகிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. நெடுநேரம் ஒரே முகத்தைப் பார்த்தால் கண் மரத்துப்போகும். கோணல் கோணலாகத் தெரியாது. அதனால் அடிக்கடி ஒரு விசையை அழுத்திப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல. அப்போது தப்பெல்லாம் வெளியே வந்துவிடும். பெரியவள் மூச்சு விடுகிற மாதிரி அந்த விசையை அழுத்துவாள். இடது வலதாகும், வலது இடதாகும், திரும்பவும் மாறும். நாள் முடிவில் அவளுக்கு எது எந்தப் பக்கம் என்ற நினைவே இருக்காது. இரண்டு பக்கமும் சரியாக நின்றால் முகம் சரி, அவ்வளவுதான் கணக்கு. கம்பெனியின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது மச்சம் அடுத்த கன்னத்தில் இருப்பதுபோல ஒரு கணம் உறுத்தியது. தன் திரைதான் அப்போது திரும்பியிருக்கும் என்று விட்டுவிட்டாள். ராஜபார்ட் கையால் எடுத்து அனுப்பிய படத்துக்கு மேல் சாட்சி வேண்டுமா?

திரையில் எழுந்த தலையைச் சீவல் சீவலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிஜ அளவில் தாளில் அச்செடுத்து, தெர்மாகோல் பலகைகளில் ஒட்டி வெட்டினாள். அடுக்கி ஒட்டினால் ஒரு தலை, படிக்கட்டு படிக்கட்டாக. உப்புத்தாளால் தேய்த்துப் படியை எல்லாம் கரைத்து, மேலே காகிதக் கூழ், அதற்குமேல் ரப்பர் பால், அதற்குமேல் வண்ணம் என்று ஏற்றினாள். தெர்மாகோல் மணி வீடு முழுக்கப் பறந்தது. "சோத்துல எது உப்பு எது உன் ராஜா மூளைன்னு தெரியல" என்றாள் அம்மா. புருவ மயிரை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்றும்போது அம்மாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் தலையைப் பார்த்து. அன்றைக்குத் தலை முடிந்துவிட்டது என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒத்திகை. பெரியவள் தலையை ஒரு கூடையில் வைத்து, துணி சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஒப்பனை அறையில் விளக்கு சூழ்ந்த நீளக் கண்ணாடிக்கு முன்னால் ராஜபார்ட் உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கினாள்.

அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மறுபடியும் தலை. மறுபடியும் கண்ணாடி.

"நான்தான்" என்றார் மெதுவாக. "அடேயப்பா. நானேதான்."

ராணியம்மா பின்னால் வந்து நின்றார். புருவத்தைச் சுருக்கினார். "இது நீங்க இல்ல."

"என்ன இல்ல? அச்சு அசலா இருக்கு."

"ஏதோ தப்பா இருக்கு. உங்க சித்தப்பா பையன் மாதிரி இருக்கு."

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"உங்க மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க? தினம் பாக்கறது நான்."

மூலையில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒப்பனைக்காரர் சிரித்துவிட்டார். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் பௌடர் அண்ணன். ஒல்லியான ஆள், எந்நேரமும் காதுக்கு மேல் ஒரு தூரிகை சொருகியிருப்பார். எழுந்து வந்து தலையை ஒரு பார்வை, ராஜபார்ட்டை ஒரு பார்வை பார்த்தார். "தலை டாக்டரே" என்றார் பெரியவளிடம், "சாருக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

பெரியவள் பார்த்தாள். ராஜபார்ட்டின் இடது கன்னத்தில் மச்சம். தட்டில் இருந்த தலையின் வலது கன்னத்தில் மச்சம். வெட்டு விழுந்த புருவம் அடுத்த பக்கம். மூக்கு சாய்ந்ததும் அடுத்த பக்கம். கைப்பேசியை எடுத்து, அவர் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்தாள். அவள் முதல் வேலையாக அழித்துப் போட்ட சுவரில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பிக் கிடந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்த படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே சேமித்து வைக்கிற ஃபோன் அது. ராஜபார்ட் அனுப்பியது ஊர் பார்க்கிற ராஜபார்ட் இல்லை; அவர் மட்டும் பார்க்கிற ராஜபார்ட்.

அதற்குள் டைரக்டரம்மா வந்துவிட்டார். தலையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு. ஆனா ஆள் சரியில்ல. என்னன்னு சொல்லத் தெரியல" என்று பெரியவளைப் பார்த்தார். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரி பண்ண முடியுமா? இல்லைன்னா துணிய விலக்காமலே காட்சியை முடிச்சுக்கறேன். தலை வேணாம்." அவர் சொல்லாமல் விட்டது பெரியவளுக்குப் புரிந்தது: தலை வேண்டாம் என்றால் ஆளும் வேண்டாம்.

"பாக்கறேன் மேடம்" என்றாள்.

புதுத் தலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மறுநாள் காலையில் ஒப்பனை அறைக்கு முதல் ஆளாக வந்து, தலையின் மச்சத்தைச் சுரண்டி எடுத்து அடுத்த கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அது இன்னும் மோசம். மூக்கு ஒரு பக்கம் இழுக்க, மச்சம் மறுபக்கம் இழுக்க, தட்டில் இருந்தது ராஜபார்ட்டும் இல்லை, அவர் சித்தப்பா பையனும் இல்லை. திரும்பச் சுரண்டிப் பழைய இடத்திலேயே வைத்தாள். வண்ணம் கலக்க உட்கார்ந்தாள். கண்ணாடி அறை, ஜன்னல் பக்கம், சுழலும் நாற்காலி. அப்பா வாசலில் நின்று அதைப் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி மனதில் வந்து வந்து போனது. அதில் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். அழவேண்டிய இடமே இல்லை. ஆனாலும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

பௌடர் அண்ணன் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். நிலைமையைப் பார்த்தார். டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைய மாத்த முடியாதா?"

"முடியாதுண்ணா. முழுசா செய்யணும்."

"அப்ப ஆளை மாத்திடுவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜனங்க தலையைத் தனியாவா பாக்கப்போறாங்க? முதல் காட்சியிலேருந்து ஆளைப் பாத்துட்டு, கடைசியில தலையைப் பாக்கப்போறாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாப் போதும். மச்சத்த மூடி அந்தப் பக்கம் ஒண்ணு வைக்கறேன். புருவத்துக்குப் பென்சில். இந்தப் புருவத்துல கொஞ்சம் மெழுகு வச்சு ஒரு வெட்டு. வகிட மாத்தி சீவறேன். மூக்குக்கு நிழல் போட்டா சாயற பக்கம் மாறிடும். தலையைச் செய்யறதுதான் உன் வேலை. ஆளைச் செய்யறது என் வேலை."

"டைரக்டரம்மாகிட்ட?"

"அவங்களுக்கு ஒத்துப்போச்சா இல்லையாங்கறதுதான் கேள்வி. எது எதுக்கு ஒத்துப்போச்சுன்னு கேட்டா அப்ப சொல்லிக்கலாம். டீயக் குடி, ஆறிடும்."

அன்று மாலை வழக்கத்தைவிட ரொம்ப முன்னாலேயே பௌடர் அண்ணன் ராஜபார்ட்டை உட்காரவைத்தார். பெரியவள் தலையை ராஜபார்ட்டின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பௌடர் அண்ணன் தலையைப் பார்த்துப் பார்த்து ஆளை வரைந்தார். நிழல் வைப்பார், துடைப்பார், ஓரடி பின்னால் போய்க் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். நேரம் போக அவர் வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது; இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வரைந்தார். எல்லாம் முடிந்து ராஜபார்ட் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனது.

"யோவ், யாருய்யா இது?"

ராணியம்மா எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "இதுதாங்க நீங்க. நாங்க பாக்கற நீங்க. கண்ணாடியில இப்பதான் சரியா வந்திருக்கீங்க."

"நான் இப்படியா கோணலா இருக்கேன்?"

"கல்யாணத்தப்பவே இப்படித்தான் இருந்தீங்க. நான்தான் வெளியில சொல்லல."

ராஜபார்ட் அன்றைக்கு நடித்து முடிக்கிற வரை கண்ணாடி இருக்கிற பக்கமே திரும்பவில்லை. ஆனால் நன்றாக நடித்தார். கடைசிக் காட்சியில் தட்டு வந்தது. ராணி துணியை விலக்கினார். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற பெரியவள் மேடையைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கேயோ ஒரு இருமல் பாதியில் அடங்கியது. ராணி பேசத் தொடங்கினார், கடைசி வரி வரை தடுமாறவில்லை.

"அது அவர் இல்லைன்னு எனக்குத் தெரியும்ல" என்று அப்புறம் சொன்னார். "அதனாலதான் வசனம் முழுசா வந்துச்சு. அவரேன்னா வந்திருக்காது."

விளக்குகள் போட்ட பிறகு டைரக்டரம்மா ஒப்பனை அறைக்கு வந்தார். பெரியவள் தோளில் கை வைத்தார். "நேத்து பாத்தப்ப வேற யாரோ மாதிரி இருந்துச்சு. ஒரே நாள்ல பிடிச்சுட்டியே. அடுத்த சீசன் சாமான் பூராவும் நீ பாத்துக்க."

பெரியவள் வாயைத் திறந்தாள். டைரக்டரம்மாவுக்குப் பின்னால் பௌடர் அண்ணன் தூரிகைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். ஒன்றும் ஆகாமலேகூடப் போகலாம். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விடாமலும் போகலாம்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

டைரக்டரம்மா போனதும் நேராகப் பௌடர் அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணா, கம்பெனி அடுத்த ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள சரியான தலையா இன்னொண்ணு செஞ்சு குடுத்துடறேன். நீங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படிக் கஷ்டப்பட வேணாம்."

"செய்" என்றார். "என் தோள் உனக்குக் கோயில் கட்டும்."

வீட்டில் அப்பா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "தலை நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"அப்ப சரி" என்றார். மாசம் முடிந்ததும் ஜன்னல் பக்க நாற்காலிக்கு வேறு ஒரு பையன் வந்துவிட்டான். அவன் உட்கார்ந்த உடனே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததாக அப்பா வந்து சொன்னார். அதில் குறை எதுவும் இல்லை; ஒரு தகவல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. யாராவது கேட்டால் அவரும் இப்போது, "நாடகத்துக்குச் சாமான் செய்யுது" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். தலை நன்றாக வந்ததா என்று அவர் கேட்டதற்குத் தான் சொன்ன பதில் நிஜமா என்று பெரியவள் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். தலை நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்கு ஒத்துப்போகிற ஆள்தான் இல்லை.

சரியான தலை செய்வதற்குக் கணினியில் பெரிய வேலை இல்லை. அந்த ஒரு விசையை ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே அழுத்திச் சேமித்துவைத்தாள். மிச்சம் கைவேலைதான். ஆனால் அந்த வாரம் புது நாடகத்துக்கு ஒரு கிணறு கேட்டார்கள். கிணறு முடிவதற்குள் உடைகிற மாதிரி ஒரு சிம்மாசனம். அதற்கப்புறம் எரிகிற மாதிரி ஒரு வீடு. கம்பெனி அடுத்த ஊருக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ராஜா நாடகம் நன்றாக ஓடியதால் எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

தொடக்கத்தில் பௌடர் அண்ணன், "தலை டாக்டரே, பேஷன்ட் எப்படி இருக்காரு?" என்று கேட்பார். "செஞ்சிட்டிருக்கேண்ணா" என்பாள். அது பாதி உண்மை. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்கும்போது இருந்த சங்கடத்தைவிட இது அதிகமாக இருந்தது.

ஒருநாள் ராணியம்மாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராஜபார்ட் ஒருத்தருக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, மற்றவர்கள் காத்துக் கிடக்கிறார்களே என்று டைரக்டரம்மா கேட்டாராம். "வயசாயிடுச்சு மேடம், கை முன்ன மாதிரி ஓடல" என்று பௌடர் அண்ணன் சொன்னாராம். அதனால் மற்றவர்களுக்கு முகம் போட ஒரு புதுப் பெண்ணை எடுத்திருக்கிறார்கள். இனிமேல் அவருக்கு ராஜபார்ட் மட்டும்தான். "நானும் வாயத் திறக்கல" என்றார் ராணியம்மா. "பௌடர் அண்ணனே சொல்ல வேணாம்னுட்டாரு."

பெரியவள் அன்று மேடைக்குப் புதிய சாமான்கள் கொண்டுவந்திருந்தாள். பெட்டிகளை இறக்கிவிட்டு ஒப்பனை அறைக்குள் போனாள். நீளக் கண்ணாடியின் ஒரு முனையில் புதுப் பெண்ணைச் சுற்றிக் கூட்டமும் சிரிப்புமாக இருந்தது. அடுத்த முனையில் பௌடர் அண்ணன் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு ராஜபார்ட்டின் வலது கன்னத்தில் மச்சம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தத் தலை விஷயம்..."

"எந்தத் தலை?" என்றார் கண்ணை எடுக்காமல். பிறகு ராஜபார்ட்டிடம், "அசையாதீங்க சார்."

டைரக்டரம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த இடத்தில் இறக்க வேண்டிய சாமான் இன்னும் பாதி இருந்தது. "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மச்சம் காய்கிற வரை பேச முடியாததால் ராஜபார்ட் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

'ராஜா சரியானது' என்று பெயர் வைத்த அந்தக் கோப்பு அவள் கணினியில் அப்படியே இருக்கிறது. அதற்கான தெர்மாகோல் இன்னும் வெட்டப்படவில்லை.